வீட்டுக்கு ஒருவர் தெரிந்தால் போதுமா?

(தொடர்கல்வி மையத்தில் கற்போரிடையே ஆற்றிய உரை)

 

இன்று இண்டர்நெட் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். தமிழில் இணையம் என்கிறோம். வீட்டில் நாம் நெட் என்றுதான் சொல்கிறோம். 'நெட் தீர்ந்து போச்சு', 'நெட் கிடைக்கலை' என்ற பேச்சைக் கேட்காத நாள் இல்லை. நானும் நெட் என்றே சொல்கிறேன். ஆனால் பேச்சைத் தபாலிலிருந்து தொடங்குகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

கேரளத்தில் மலப்புறம் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. பாலக்காட்டுக்கு மேற்கே, கடல் வரை நீண்ட மாவட்டம். 1970களிலிருந்து அங்குள்ள ஆண்கள் ஆயிரக்கணக்கில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். துபாய், சவுதி, குவைத், கத்தார் என்று போனார்கள். கல்யாணமாகிச் சில வாரங்களில் கப்பலோ விமானமோ ஏறியவர்கள் பலர். திரும்பி வர இரண்டு வருடம், மூன்று வருடம் ஆகும். ஊரில் மனைவி இருப்பாள். மாமியார், நாத்தனார், கைக்குழந்தை எல்லாரும் இருப்பார்கள். நடுவில் பாலமாக இருந்தது கடிதம் ஒன்றுதான்.

தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். அது மனைவியின் பெயருக்கு வந்த கடிதம். ஆனால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்ன செய்வாள்? பக்கத்து வீட்டுப் பையனிடம் போவாள். அல்லது கொழுந்தன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருப்பாள். அவன் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பான். மாமியார் கேட்டுக் கொண்டிருப்பார். அக்கம் பக்கத்தில் இருப்பவர்களும் கேட்பார்கள்.

பாலைவனத்தில் இருந்த கணவனுக்கும் இது தெரியும். பிறர் கண்ணில் படும் கடிதத்தில் மனதில் உள்ளதை எழுத முடியுமா? 'நலம். நலமறிய ஆவல். பணம் அனுப்பியிருக்கிறேன்' என்று முடித்துக் கொள்வான். பதில் எழுதுவது இதைவிடக் கஷ்டம். மாமியாரிடம் பட்ட வருத்தத்தை மாமியாரின் பிள்ளையிடமே சொல்லி எழுதச் சொல்ல முடியுமா? உடம்பில் ஒரு கோளாறு என்றால் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்ல முடியுமா? சொல்ல முடியாது. அதனால் எழுதப்படாமலே போனவை ஏராளம்.

கடிதத்தை மலபார்ப் பக்கத்தில் கத்து என்பார்கள். வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதுவது போல எஸ். ஏ. ஜமீல் ஒரு பாட்டு எழுதினார். துபாய்க் கத்துப் பாட்டு என்று பெயர். கேசட்டில் ஊரெல்லாம் ஒலித்தது. வளைகுடாவிலும் கேட்டு அழுதார்கள். அந்தப் பாட்டில் ஒரு மனைவி மனம் விட்டுப் பேசினாள். பாட்டு அவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு எழுத்தறிவு இயக்கம் வந்தது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-இல் தொடங்கியது. எர்ணாகுளம் 1990-இல் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் ஆனது. 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கோழிக்கோட்டில் அறிவித்தார்கள். அதை அறிவித்தவர் யார் தெரியுமா? அமைச்சர் அல்ல. சேலக்கோடன் ஆயிஷா. மலப்புறம் மாவட்டத்துக் கிராமத்துப் பெண்மணி. உங்களைப் போல வயது வந்த பிறகு எழுத்துக் கற்றவர். மைதானம் நிறைந்த கூட்டத்தின் முன் நின்று அறிவித்தார்.

எழுத்து வந்ததும் என்ன மாறியது? பஸ் போர்டு படிக்கலாம், கையெழுத்துப் போடலாம் என்று சொல்வோம். உண்மைதான். ஆனால் வளைகுடாக்காரர் வீட்டுப் பெண்களுக்கு வேறொன்றும் கிடைத்தது. கடிதத்தைத் தானே பிரித்தாள். அறைக்குள் போய்ப் படித்தாள். பதிலும் தானே எழுதினாள். எழுத்துப் பிழை இருக்கலாம். வரி கோணலாக இருக்கலாம். ஆனால் அது அவளுடைய கடிதம். நடுவில் வேறு ஆள் இல்லை.

இந்த நடு ஆளை மறந்துவிடாதீர்கள். இன்றைய பேச்சே அவரைப் பற்றியதுதான்.

இனி நெட்டுக்கு வருவோம்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இண்டர்நெட் கிடைக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது அது பெரிய நகரங்களில், கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு மட்டும். கட்டணமும் மிக அதிகம். கிராமத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

2002-இல் மலப்புறத்தில் ஒரு முயற்சி நடந்தது. அதன் பெயர் அக்ஷயா. கேரள அரசு தொடங்கிய திட்டம். ஏறக்குறைய ஆயிரம் குடும்பங்களுக்கு ஒரு மையம். மையத்தில் சில கம்ப்யூட்டர்கள். நடந்தே போகும் தூரத்தில் மையம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து கற்க வேண்டும். மொத்தம் 15 மணி நேரப் பாடம். கம்ப்யூட்டரைத் திறப்பது, மௌஸைப் பிடிப்பது, படம் வரைவது, மின்னஞ்சல் அனுப்புவது, இவைதான் பாடம். செலவின் பெரும் பங்கை உள்ளாட்சி அமைப்புகள் ஏற்றுக் கொண்டன.

இதற்கு மலப்புறத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? வீட்டுக்கு வீடு வளைகுடாவில் ஆள் இருந்ததால், நெட்டின் பயனை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மையத்துக்குப் போனால் கணவன் முகத்தைத் திரையில் பார்க்கலாம் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? தாய்மார்கள் வந்தார்கள். பாட்டிமார்களும் வந்தார்கள். ஒரு நிமிட வெளிநாட்டுப் போன் பேச்சுக்குக் கையைக் கடிக்கும் பணம் கொடுத்த காலம் அது. 2004-இல் மலப்புறம் நாட்டின் முதல் கணினி எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது.

பெரிய சாதனைதான். ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. 'வீட்டுக்கு ஒருவர்' என்றார்களே, அந்த ஒருவர் போதுமா?

அதற்குப் பிறகு மத்திய அரசும் இதே அளவுகோலை வைத்தது. 2017-இல் கிராமங்களுக்கான டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் தொடங்கியது. 6 கோடி குடும்பங்கள், குடும்பத்துக்கு ஒருவர் என்பது இலக்கு. 2024 மார்ச்சில் திட்டம் முடிந்தபோது 6 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பயிற்சி பெற்றிருந்தார்கள். இதையும் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. ஒன்றுமே இல்லாததற்கு ஒருவர் மேல். ஆனால் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் என்ன ஆகும்? அவர்தான் புதிய நடு ஆள். பழைய காலத்துக் கடிதம் படிக்கும் பையன் மறுபடியும் வீட்டுக்குள் வந்துவிட்டான்!

யோசித்துப் பாருங்கள். இன்று கையில் நெட் இல்லாத ஊரே அபூர்வம். 2016-இல் போன் நிறுவனங்களுக்குள் போட்டி வந்து நெட் விலை மளமளவென்று இறங்கியது. அதே 2016-இல் போனிலேயே பணம் அனுப்பும் யுபிஐ முறையும் வந்தது. சில வருடங்களில் எல்லாக் காரியமும் போனுக்குள் போய்விட்டது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதும், ரயில் டிக்கெட் எடுப்பதும், மின்கட்டணம் கட்டுவதும் போனில்தான். ஆதாரை வைத்து ஏதாவது செய்ய வேண்டுமென்றால் ஓடிபி என்ற ரகசிய எண் போனுக்குத்தான் வருகிறது.

அந்த எண் யாருடைய போனுக்கு வருகிறது? வங்கிக் கணக்கு அம்மாவின் பெயரில் இருக்கும். ஆனால் கணக்குத் தொடங்கியபோது மகனுடைய போன் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். மகன் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டான். அல்லது அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டான். அம்மாவின் பணம் வங்கியில் இருக்கிறது. அதைப் பற்றிய செய்தி எங்கேயோ போகிறது. பணம் வந்ததா, போனதா, எவ்வளவு மீதி என்று அம்மாவுக்குத் தெரியாது. மகன் நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். அது வேறு விஷயம். கடிதம் படித்த பக்கத்து வீட்டுப் பையனும் நல்ல பிள்ளைதான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். தேசியக் குடும்ப நல ஆய்வு என்று மத்திய அரசு நடத்தும் ஓர் ஆய்வு உண்டு. 2019 முதல் 2021 வரை நடந்த ஆய்வில், 'நீங்கள் எப்போதாவது இண்டர்நெட் பயன்படுத்தியது உண்டா?' என்று கேட்டார்கள். ஆண்களில் 100-க்கு 57 பேர் ஆம் என்றார்கள். பெண்களில் 100-க்கு 33 பேர்தான். கிராமத்துப் பெண்களை மட்டும் எடுத்தால் 100-க்கு 25 பேர் கூட முழுதாக இல்லை. தாமே பயன்படுத்தும் செல்போன் இருக்கிறது என்று சொன்ன பெண்கள் 100-க்கு 54 பேர். இது சில வருடங்களுக்கு முந்தைய கணக்கு. அதன்பின் போன் இன்னும் பரவிவிட்டது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். 'எப்போதாவது' என்றுதான் கேட்டார்கள். ஒரு தடவை தொட்டிருந்தாலும் ஆம் என்று சொல்லலாம். அப்படியும் மூன்றில் ஒரு பெண்தான் ஆம் என்றாள்.

வீட்டில் போன் இருப்பது வேறு. அது நம் கையில் இருப்பது வேறு.

கையில் இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அதற்குத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள புல்லம்பாறை ஊராட்சிக்குப் போக வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்த ஊர். கூலி வங்கிக் கணக்குக்கு வரும். வந்துவிட்டதா என்று பார்க்க வங்கிக்குப் போக வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். நின்று, 'இன்னும் வரவில்லை' என்ற பதிலோடு திரும்ப வேண்டும். அப்படிப் போனால் அன்றைய வேலை போச்சு. கூலி வந்ததா என்று பார்க்கப் போய் ஒரு நாள் கூலியை இழப்பது என்ன நியாயம்?

ஊராட்சிக்காரர்கள் இதைக் கவனித்தார்கள். எல்லோருக்கும் போனைக் கையாளச் சொல்லித் தருவது என்று முடிவு செய்தார்கள். வகுப்புக்கு வா என்று கூப்பிட்டால் கூலிக்காரப் பெண் எப்படி வருவாள்? ஆகவே வகுப்பு அவளிடம் போனது. வேலை நடக்கும் இடத்திலேயே, ஓய்வு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து கற்றார்கள். குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழுக் கூட்டங்களிலும் கற்றார்கள். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தார்கள். 2022-இல் புல்லம்பாறை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சி என்று அறிவிக்கப்பட்டது. இப்போது வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று போனில் பார்க்கலாம். ஒரு நாள் கூலி மிச்சம். ஏழை வீட்டில் அது அரிசிக் கணக்கு.

அந்த ஊராட்சியில் பிறந்த யோசனையைத்தான் பிறகு மாநிலமே எடுத்துக் கொண்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். அப்பாமார், அண்ணன்மார் என்மேல் கோபப்படக் கூடாது.

பையன் கையில் போன் இருந்தால் நாம் என்ன சொல்கிறோம்? 'படிப்பைக் கெடுத்துக்கிறான்' என்று சொல்கிறோம். பெண் கையில் போன் இருந்தால் என்ன சொல்கிறோம்? 'யாரோட பேசுறா?' என்று கேட்கிறோம். இரண்டும் ஒன்றா? பையனைப் பற்றிய பயம் மார்க்கைப் பற்றியது. பெண்ணைப் பற்றிய பயம் சந்தேகம். சந்தேகம் வந்தால் போனைப் பிடுங்கி வைக்கிறோம். அவளுடைய பாடமும் அந்தப் போனில்தான் இருக்கிறது என்பதை மறந்து விடுகிறோம்.

இந்த வழக்கு நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி. அதன் பெண்கள் விடுதியில் ஒரு விதி போட்டார்கள். மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவிகள் போன் வைத்திருக்கக் கூடாது. ஒரு மாணவி ஏற்க மறுத்தாள். 'என் பாடத்துக்கு நெட் வேண்டும். படிக்கும் நேரமே மாலைதான்' என்றாள். அவளுடைய பெற்றோருக்கு அவள் போன் வைத்திருப்பதில் ஆட்சேபம் இல்லை. இருந்தும் விடுதியிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். அவள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனாள்.

2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. இண்டர்நெட்டைப் பயன்படுத்தும் உரிமை, கல்வி உரிமையின் ஒரு பகுதி என்றது நீதிமன்றம். தனி மனிதருக்குரிய அந்தரங்க உரிமையின் ஒரு பகுதி என்றும் சொன்னது. மாணவியை விடுதியில் மீண்டும் சேர்க்கச் சொன்னது. போனால் மற்றவர் படிப்புக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்பதையும் நீதிபதி மறக்கவில்லை. அது நியாயம். ஆனால் ஒழுக்கத்தின் பெயரால் கல்வியின் வாசலைச் சாத்த முடியாது.

இந்தத் தீர்ப்பு வந்து ஆறு மாதத்தில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? கொரோனா! 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடின. எந்தப் போனைக் கையில் எடுக்காதே என்றோமோ அதே போனில் பாடம் வந்தது. ஒரு வீட்டில் ஒரு போன் இருக்கும். பிள்ளைகள் இரண்டு பேர். அப்பா வேலைக்குப் போகும்போது போனை எடுத்துப் போவார். சாயங்காலம் அவர் வந்த பிறகு முதலில் யாருக்குப் போன்? பல வீடுகளில் அண்ணனுக்கு முதலில், தங்கைக்குப் பிறகு. அதற்குள் சார்ஜ் தீர்ந்திருக்கும்.

கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று தொலைக்காட்சி வழியாகவும் நெட் வழியாகவும் வகுப்பு தொடங்கினார்கள். டிவியும் போனும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் தவித்துப் போனார்கள். பிறகு ஊர் நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் டிவி வைத்துப் பாடம் கேட்க வழி செய்தார்கள். நூலகம் இல்லாத ஊர்களில், இந்தியா முழுவதும், எத்தனை பிள்ளைகள் அந்த இரண்டு வருடத்தில் படிப்பை விட்டுக் கடையிலும் செங்கல் சூளையிலும் சேர்ந்தார்கள்! அவர்களில் திரும்பி வராதவர்கள் உண்டு. இன்று உங்களோடு இந்த மையத்தில் உட்கார்ந்திருக்கும் சில இளைஞர்கள் முகத்தைப் பார்க்கும்போது அந்த நினைப்பு வருகிறது.

நெட் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2018-இல் எல்லாப் பத்திரிகையிலும் வந்த செய்தி. எர்ணாகுளம் ரயில் நிலையத்தில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர். ரயில் நிலையத்தில் இலவச நெட் இருந்தது. அவர் பாடங்களைப் போனில் ஓடவிட்டார். காதில் இயர்போன் மாட்டிக் கொண்டார். தலையில் பெட்டி, காதில் பாடம். சுமையை இறக்கி வைத்த இடைவேளையில் கேள்வித்தாள்களைப் பார்த்தார். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார். புத்தகம் வாங்கப் பணமோ, டியூஷனுக்குப் போக நேரமோ இருந்திருந்தால் அவர் ஏன் சுமை தூக்குகிறார்? கூலி வேலையை விடாமல் படிக்க அவருக்கு நெட் உதவியது.

ஆனால் ஒன்று. நெட் அவருக்குத் தானாக வேலை வாங்கித் தரவில்லை. அவர் ஏற்கெனவே பள்ளிப் படிப்பு படித்தவர். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தவர். அதே ரயில் நிலையத்தில், அதே இலவச நெட்டில் சினிமாப் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். சினிமாப் பார்ப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை! நானும் பார்க்கிறேன்.

வெளிநாட்டு வேலை தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாட்ஸ்ஆப்பில் விளம்பரம் வரும். 'மாதம் இத்தனை சம்பளம், விசா இலவசம், இன்றே பணம் கட்டுங்கள்' என்று இருக்கும். முன்பெல்லாம் ஏஜெண்ட் சொன்னதை நம்புவதைத் தவிர வழியில்லை. இப்போது வெளியுறவு அமைச்சகத்தின் 'இமைக்ரேட்' இணையதளம் இருக்கிறது. ஆளெடுக்கும் முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று அதில் பார்க்கலாம். பதிவு இல்லாதவரிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் இதைப் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் பொதுச் சேவை மையத்தில் கேளுங்கள்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நெட் பழகப் பயப்படுகிறவர்களில் பாதிப் பேர் இதற்காகத்தான் பயப்படுகிறார்கள்.

ஒரு போன் வரும். 'போலீஸ் பேசுகிறோம். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருந்தது. உங்களைக் கைது செய்திருக்கிறோம். கேமரா முன்னாலேயே உட்காருங்கள். யாரிடமும் பேசக் கூடாது' என்பார்கள். வீடியோவில் காக்கிச் சட்டை தெரியும். இதற்கு டிஜிட்டல் கைது என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படித்த அதிகாரிகளும் டாக்டர்களும் கூட இதில் சேமிப்பைப் பறிகொடுத்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைப் பற்றி எச்சரித்தார். சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்தப் போலீசும் வீடியோவில் கைது செய்யாது. போனில் பணம் கேட்காது.

இன்னொன்று. 'உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது. பெற்றுக் கொள்ளப் பின் நம்பரைப் போடுங்கள்' என்பார்கள். பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் போகிறது என்று அர்த்தம். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. வங்கி மேனேஜர் என்று சொன்னாலும் கூடாது.

இத்தனை சொல்லியும் ஒருவர் ஏமாறலாம். ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நாடு முழுவதற்கும் ஒரே எண். போன பணம் ஏமாற்றுக்காரன் கையில் போய்ச் சேருவதற்குள் வங்கிகள் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

இங்கேதான் குடும்பம் வருகிறது. பணத்தை இழந்தவர்கள் பலர் முதல் நாள் யாரிடமும் சொல்வதில்லை. ஏன்? வெட்கம். 'உனக்கு எதற்கு இந்தப் போன் என்று அப்போதே சொன்னேனே' என்று மகன் சொல்லுவான். கணவன் அடிப்பான். மருமகள் சிரிப்பாள். அதற்குப் பயந்து மறைக்கிறார்கள். மறைத்த அந்த நேரத்தில் பணம் கை மாறிவிடுகிறது. டிஜிட்டல் கைது செய்கிறவன் என்ன சொல்கிறான்? 'யாரிடமும் சொல்லாதே' என்றுதானே! வீட்டில் கூச்சமில்லாமல் பேசிக் கொள்கிறவர்களிடம் அவன் பாச்சா பலிக்காது. 'அம்மா, என்ன ஆனாலும் முதலில் என்னிடம் சொல். திட்ட மாட்டேன்' என்று ஒரு மகள் சொல்லி வைத்தால், அதைவிடப் பெரிய பூட்டு எந்தப் போனிலும் இல்லை.

பேச்சு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு மூலையில் நான்கு போனைப் பார்த்துக் கொண்டிருப்பது எனக்கும் பிடிக்கவில்லை. சோறு ஆறிப் போகிறது. குழந்தை வாயைத் திறக்கப் போனைக் காட்ட வேண்டியிருக்கிறது. இதற்கு நெட்டைத் திட்டிப் பயனில்லை. சாப்பிடும் நேரத்தில் போன் அலமாரியில் இருக்கட்டும் என்று பெரியவர்கள் முதலில் வைத்தால், பிள்ளைகளும் வைப்பார்கள். பெரியவர் கையில் வைத்துக் கொண்டு பிள்ளையை வைக்கச் சொன்னால் எடுபடாது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் வீடு உங்களுக்குத் தெரியும்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, கேரளத்தின் கதை, அதற்கு வருகிறேன். புல்லம்பாறையைப் பார்த்து மாநில அரசு டிஜி கேரளம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. 83 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கணக்கெடுத்தார்கள். ஒன்றரைக் கோடிப் பேரைக் கேட்டார்கள். இந்தத் தடவை வீட்டுக்கு ஒருவர் என்று நிறுத்தவில்லை. வீட்டில் யார் யாருக்குத் தெரியாது என்று கேட்டார்கள். ஏறக்குறைய 22 லட்சம் பேருக்குத் தெரியவில்லை. 2002-இல் தொடங்கிய மலப்புறத்து முயற்சிக்கு இருபது வருடம் கழித்தும், நாட்டிலேயே எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் ஒன்றில், 22 லட்சம் பேர்! வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் அது மற்றவர்களுக்குத் தானாகப் பரவிவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். 1990-இல் அரிக்கேன் விளக்கோடு வீடு வீடாகப் போன தொண்டர்களைப் போலவே இவர்களும் போனார்கள். பிடித்துப் பேசுவது, நம்பரைச் சேமிப்பது, வாட்ஸ்ஆப்பில் குரலும் படமும் அனுப்புவது, அரசு சேவைகளைத் தேடுவது, பணம் அனுப்புவது, இவற்றைக் கற்றுக் கொடுத்தார்கள். பிறகு செய்து காட்டச் சொன்னார்கள். தவறினவர்களுக்கு மறுபடியும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். நூறு வயது தாண்டிய பெரியவர் ஒருவரும் கற்றார். 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது.

சொல்லிக் கொடுத்தவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். பேரன் வாத்தியார், பாட்டி மாணவி. இதில் ஒரு தொல்லை உண்டு. பாட்டி மெதுவாகத் தேய்ப்பாள். பேரனுக்குப் பொறுமை இருக்காது. 'இங்கே கொடு பாட்டி' என்று பிடுங்கி அவனே செய்துவிடுவான். வேலை முடிந்துவிடும். பாட்டிக்கு ஒன்றும் வராது. எழுத்துக் கற்றபோது உங்கள் கையைப் பிடித்து எழுத வைத்தார்கள். பிறகு கையை விட்டுவிட்டார்கள். அப்படி விட்டதால்தான் எழுத்து வந்தது. பேரனிடம் சொல்லுங்கள்: 'நீ தொடாதே, வாயால் சொல். நான் தொடுகிறேன்.'

இந்த மையத்தில் வருகிற வாரம் போன் வகுப்பு தொடங்குகிறது. முதல் நாள் நீங்கள் கொண்டு வர வேண்டியது இரண்டு. ஒன்று, வங்கிப் புத்தகம். மற்றது, ஆதார் அட்டை. உங்கள் கணக்கிலும் ஆதாரிலும் எந்தப் போன் நம்பர் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். அது வேறொருவர் நம்பராக இருந்தால், வங்கிக் கிளையிலும் ஆதார் மையத்திலும் உங்கள் நம்பராக மாற்றிக் கொள்ளலாம். அதற்கு நீங்களே நேரில் போகலாம். கூட்டமாகப் போவோம், பயமில்லை. சொந்தமாகப் போன் இல்லாதவர்கள் வீட்டுப் போனை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி வாருங்கள். வீட்டில் தர யோசித்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். பெஞ்சில் இடம் இருக்கிறது.

வகுப்பு மாலை ஆறு மணிக்கு.